மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு வோல்ட் மீட்டர்

கிணற்று மேட்டில் மோட்டார் போடப் போகும் விவசாயி, ஸ்டார்ட்டரில் கை வைக்கும் முன் பலகையில் உள்ள வோல்ட் மீட்டரை ஒருமுறை பார்ப்பார். 415 வோல்ட் அளவில் நிற்க வேண்டிய முள் 350-க்குக் கீழே தொங்கினால் கையை எடுத்துக்கொள்வார். குறைந்த வோல்ட்டில் மோட்டாரை ஓட்டினால் காயில் சூடாகி எரியும். பிறகு ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதே விவசாயி கிணற்று மேட்டுக்கு ஏறி வந்த மோட்டார் சைக்கிளில், பாட்டரியின் நிலையைச் சொல்லும் மீட்டர் பெரும்பாலும் இருப்பதில்லை. பாட்டரி செத்துப்போன பிறகுதான் அது செத்துக்கொண்டிருந்தது தெரியவருகிறது.

போச்சம்பள்ளி வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் என்பது சவாரிக்கு மட்டும் உள்ள வண்டி அல்ல. விடிவதற்கு முன் பால் கேன் அதில்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கோழியும் காய்கறி மூட்டையும் அதில்தான் ஏறுகின்றன. மருந்து தெளிப்பானும் உர மூட்டையும் அதில்தான் வயலுக்கு வருகின்றன. தக்காளியை இராயக்கோட்டை மண்டிக்கும், பூவை ஓசூருக்கும் நேரத்தோடு கொண்டுசேர்க்க வேண்டியவர்களுக்கு வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய விலை போய்விடும். ஆகவே சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையை ஆடம்பரம் என்று ஒதுக்க வேண்டாம்.

இப்போது ஏன் தேவை?

முன்பு வந்த கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பாட்டரி இறங்கிப்போனாலும் பெரிய தொல்லை இல்லை. இண்டிகேட்டர் எரியாது, ஹாரன் முனகும். ஆனால் நாலு உதை உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பொறி உண்டாக்கும் மின்சாரம் பாட்டரியைக் கேட்காமல் மேக்னட் காயிலிலிருந்தே கிடைத்தது. "பாட்டரி இல்லாமலே ஆறு மாதம் ஓட்டினேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் அந்த வண்டிகளை ஓட்டியவர்களே.

2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகை விதி நடப்புக்கு வந்தது. அதற்குப் பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. டாங்கினுள் இருக்கும் ஒரு சிறு மின்சாரப் பம்பு பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. இஞ்செக்டர் அதைத் துளித்துளியாகப் பீச்சுகிறது. எவ்வளவு, எப்போது என்று ஒரு கணிப்பொறிப் பெட்டி கட்டளை இடுகிறது. மூன்றும் பாட்டரியை நம்பி இருப்பவை. வோல்ட் சுமார் பத்துக்குக் கீழே போனால் பம்பு திணறும், பெட்டி குழம்பும். உதைத்தாலும் தள்ளினாலும் வண்டி புறப்படும் என்று உறுதி சொல்ல முடியாது. உதைக்கும் கட்டையே வைக்காமல் வரும் வண்டிகளும் உண்டு.

முன்பு மீட்டரே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழைய புல்லட் வண்டியின் முன்விளக்குக் கூட்டின் மேலே ஒரு சிறிய வட்ட மீட்டர் இருந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது வோல்ட் மீட்டர் அல்ல, ஆம்பியர் மீட்டர். முள் ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது, மறுபக்கம் சாய்ந்தால் இறங்குகிறது என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆம்பியர் மீட்டரை மின்சாரம் ஓடும் வழியின் குறுக்கே, ஒயரை வெட்டி இணைக்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் முழுக்க அதன் வழியாகவே போக வேண்டும். அதன் இணைப்பு தளர்ந்தால் வண்டியே நின்றுவிடும். வோல்ட் மீட்டர் அப்படி அல்ல. அது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பது. அது கெட்டாலும் வண்டி ஓடும். விவசாயி தானாகப் பொருத்திக்கொள்ள ஏற்றது வோல்ட் மீட்டர்தான்.

எண்கள் சொல்லும் சேதி

12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. நல்ல நிலையில் ஒவ்வோர் அறையும் 2.1 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். ஆகவே நிறைந்த பாட்டரி 12 காட்டாது, 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் பாகம் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பாகம்தான். பலரும் "12 வோல்ட் பாட்டரி, 12 காட்டுகிறது, சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறுவது இங்கேதான். அந்த அளவில் பாட்டரியைப் பல நாள் விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

காலையில் சாவியைத் திருப்பியதும், செல்ப் சுவிட்சை அழுத்தும் முன், முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். முந்தின இரவு ஓட்டி நிறுத்தியதும் பார்த்தால் 13-க்கு மேலே காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், அதை நம்ப வேண்டாம். சாவி போட்டதும் விளக்கும் பம்பும் கொஞ்சம் இழுப்பதால் மீட்டர் இரண்டொரு புள்ளி குறைத்தே காட்டும். 12.4-க்குக் குறையாமல் இருந்தால் கவலை இல்லை.

இரண்டாவது எண், செல்ப் அழுத்தும்போது. மோட்டார் சுற்றும் அந்த இரண்டு வினாடியில் எண் சரிந்து பிறகு ஏறும். 10-க்கு மேலே தாங்கினால் பாட்டரியில் தெம்பு இருக்கிறது. 9-க்கும் கீழே விழுந்தால், முதல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பாட்டரியை நம்பித் தொலைதூரம் போக வேண்டாம். மார்கழியில் ஓசூர், தளி பக்கம் போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குளிரில் பாட்டரியின் சக்தி குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி மோட்டாருக்குச் சுமை தரும்.

மூன்றாவது எண், வண்டி ஓடும்போது. சாதாரண வேகத்தில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். மெதுவாக நின்று துடிக்கும்போது 13 அளவுக்கு இறங்கினால் தவறில்லை. ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கியதும் ஏற வேண்டும். 15-ஐத் தாண்டிப் போனால் அது சார்ஜ் நன்றாக ஏறுவதன் அறிகுறி அல்ல; ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பாட்டரி கொதித்து உப்பும், பல்புகள் எரிந்துபோகும், கணிப்பொறிப் பெட்டிக்கும் ஆபத்து. அந்தப் பெட்டியின் விலையோடு பார்த்தால் மீட்டரின் விலை காசே அல்ல.

ராஜ்தூத், எஸ்டி, பழைய புல்லட் போன்ற ஆறு வோல்ட் வண்டியை இன்னும் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எண்களைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

வீண் செலவு ஏற்படும் இடம்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கடைக்குப் போனதும் முதலில் விழும் தீர்ப்பு "பாட்டரி போச்சு" என்பது. ஆயிரத்துக்கு மேல் கொடுத்துப் புதுப் பாட்டரி போட்டு, இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிட்டது என்று புலம்புவோர் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பல சமயம் குற்றம் பாட்டரியில் இல்லை. பாட்டரிக்குச் சோறு போடும் வழியில் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போதும் மீட்டர் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. மேக்னட் காயில், ரெகுலேட்டர், அவற்றுக்கு இடையிலான சாக்கெட் ஆகிய மூன்றில் ஒன்று கெட்டிருக்கிறது. முதலில் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சேற்றுத் தண்ணீர் புகுந்து பித்தளை ஊசி பச்சை பூத்திருக்கும். அல்லது தளர்ந்து சூடேறிப் பிளாஸ்டிக் கருகியிருக்கும். வயல் வரப்பில் ஓடும் வண்டிகளில் இது சாதாரணம். அதைச் சுத்தம் செய்து இறுக்கியதோடு வேலை முடிந்துபோவதும் உண்டு.

மாறாக, ஓடும்போது 14.2 என்று நன்றாகக் காட்டிவிட்டு மறுநாள் காலை 12-க்குக் கீழே இருந்தால், ஒன்று பாட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது இரவில் எங்கோ மின்சாரம் கசிகிறது. கூடுதலாகப் போட்ட அலாரம், திருட்டைக் கண்காணிக்கும் கருவி, சாவியைத் தொடாமல் நேரே இழுத்த விளக்கு இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரிரவு விட்டுப் பார்த்தால் திருடன் அகப்படுவான். ஒன்றைக் கழற்றியும் பயனில்லை என்றால்தான் பாட்டரி மாற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் "ஸ்டார்ட் ஆகலை" என்பதற்குப் பதிலாக "ஓடும்போது 12.3தான் காட்டுது" என்று சொல்லிப் பார்க்கட்டும், பேச்சே வேறு மாதிரி போகும்.

எதை வாங்குவது?

முதலில் ஓர் எச்சரிக்கை. பம்பு செட் பலகையில் இருக்கும் மீட்டர் மாறுதிசை மின்சாரத்துக்கு உரியது. 500 வோல்ட் வரை அளப்பது. பழையதாக ஒன்று வீட்டில் கிடக்கிறதே என்று அதை வண்டியில் மாட்டினால் முள் அசையாது. அதைவிட முக்கியம், வண்டிக்கு வாங்கிய மீட்டரை ஒருநாளும் பம்பு செட் லைனில் தொட்டுப் பார்க்கக் கூடாது. வெடிக்கும், உயிருக்கும் ஆபத்து.

வண்டிக்கு வேண்டியது நேர்திசை மின்சாரத்துக்கான 12 வோல்ட் மீட்டர். ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் பல தினுசு கிடைக்கிறது. மிக மலிவானது திறந்த பலகையில் மூன்று சிவப்பு எண்கள் எரியும் சிறு துண்டு. வீட்டுக்குள் மேசைமேல் வைக்க அது சரி; வண்டிக்கு ஆகாது. ஒரு மழை, ஒரு முறை பைப்பைப் பிடித்துக் கழுவுதல், அதோடு அதன் ஆயுள் முடியும். தெளிப்பானிலிருந்து சிந்தும் மருந்தும் உரத் தூளும் செம்பை அரிப்பதில் மழையைவிட மோசம். ஆகவே முகத்தில் கண்ணாடி மூடி, பின்பக்கம் பிசின் ஊற்றி அடைத்த நீர்புகா மீட்டரையே கேட்டு வாங்க வேண்டும்.

புள்ளிக்குப் பின் ஓர் எண்ணாவது காட்ட வேண்டும். வெறும் 12, 13 என்று மட்டும் காட்டுவது இந்த வேலைக்கு உதவாது, 12.2-க்கும் 12.6-க்கும் உள்ள வித்தியாசம்தானே இங்கே முழுக் கதையும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மட்டும் காட்டும் விளக்கு எண் படிக்கச் சிரமப்படுவோருக்கு நல்லது. ஆனால் கோளாறு எங்கே என்று அது சொல்லாது. முள் மீட்டர் வெயிலில் நன்றாகத் தெரியும், ஆனால் மேடு பள்ளத்தில் முள் ஆடிக்கொண்டே இருக்கும். போன் சார்ஜரும் மீட்டரும் ஒரே கூட்டில் வருவதும் உண்டு. வசதிதான், ஆனால் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கடையிலேயே வாசலுக்குக் கொண்டுவந்து உச்சி வெயிலில் ஒரு பாட்டரியில் தொட்டுப் பார்ப்பது நலம். கடைக்குள் பளிச்சென்று தெரியும் எண் வெளியே வந்ததும் மறைந்துபோகும் மீட்டர்கள் பல. கூடவே கடைக்காரரின் மல்டி மீட்டரோடு ஒப்பிடலாம். 0.1 வித்தியாசம் பரவாயில்லை, 0.3 என்றால் வேறு கேட்கலாம்.

எங்கே பொருத்துவது?

தலையைக் குனியாமல் கண் போகும் இடத்தில், ஆனால் வேகமானியை மறைக்காமல் இருக்க வேண்டும். கண்ணாடி போல்ட்டின் அடியில் ஒரு சிறு தகட்டு வளையம் வைத்து அதில் பொருத்துவது எளிது. வண்டியில் துளை போட வேண்டியதில்லை. தகட்டுக்கும் மீட்டருக்கும் இடையே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றை வைத்தால் அதிர்வு தாங்கும். இருபுறமும் ஒட்டும் டேப் சித்திரை வெயிலில் இளகி விழுந்துவிடும். டாங்கின் மேல், மூடிக்குப் பக்கத்தில் பொருத்தவே கூடாது. பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் மின்சார இணைப்பு வேண்டாம்.

இணைப்பு

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். அவசரப்படாமல் அரை நாள் ஒதுக்கிச் செய்ய வேண்டும்.

மீட்டரின் இரண்டு ஒயரையும் பாட்டரியில் நேரே மாட்டிவிடுவது சுலபம்; எண்ணும் துல்லியமாக வரும். ஆனால் மீட்டர் இரவும் பகலும் எரியும். அது இழுப்பது 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சிறு வண்டிகளின் பாட்டரி 3, 4 ஆம்பியர்-மணி அளவே. 4 ஆம்பியர்-மணி பாட்டரியை அந்தச் சிறு இழுப்பு 200 மணி நேரத்தில், அதாவது எட்டு நாளில் முழுதும் வற்றடித்துவிடும். செல்ப் எடுக்காத நிலைக்கு அதில் பாதி நாளே போதும். அடைமழையில் நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால், பாட்டரியைக் காக்க வைத்த மீட்டரே பாட்டரியைத் தின்றிருக்கும்.

ஆகவே சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரில்தான் மீட்டரின் சிவப்பு ஒயரைச் சேர்க்க வேண்டும். பிரேக் விளக்கு சுவிட்சுக்கு வரும் ஒயர் இதற்கு ஏற்றது. பல வண்டிகளில் ஹாரனுக்கு வரும் ஒயரும் பயன்படும். ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வீட்டு வண்டியில் பழுப்பு என்பதால் தம் வண்டியிலும் பழுப்பு என்று வெட்டிவிட வேண்டாம். மல்டி மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் ஒயரைத் தொட்டு, சாவியைப் போட்டும் எடுத்தும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சாவி எடுத்ததும் பூஜ்யம் ஆக வேண்டும்.

முன்விளக்கு ஒயரில் சேர்க்கக் கூடாது. சில சிறு வண்டிகளில் முன்விளக்கு பாட்டரியிலிருந்து எரிவதில்லை. காயிலிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தில் எரிகிறது. அதில் மாட்டிய மீட்டர் தாறுமாறாகக் காட்டும் அல்லது எரிந்துபோகும். இஞ்செக்டர், பெட்ரோல் பம்பு, கணிப்பொறிப் பெட்டி ஆகியவற்றுக்குப் போகும் ஒயர்களையும் தொடவே வேண்டாம். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கம்பெனி ஒயரை வெட்டாமல், சாக்கெட்டுக்கு இடையே செருகும் இணைப்பானைப் பயன்படுத்துவது நல்லது. சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் பிறகு தகராறு வராது.

வேலை தொடங்கும்போது பாட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும். முடிந்தபின் மைனஸைக் கடைசியாக மாட்ட வேண்டும். ஒயர் பிரியும் இடத்துக்கு அருகிலேயே ஒரு ஆம்பியர் பியூஸ் போடுவது கட்டாயம். பியூஸ் இல்லாத ஒயர் ஹாண்டில் பாரில் உரசி உரை கிழிந்து பாடியைத் தொட்டால், டாங்கின் அடியில் தீப்பொறி எழும். இணைப்பை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது ஒரு கோடைக்குத் தாங்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். கறுப்பு ஒயரைப் பாட்டரி மைனஸுக்கே கொண்டுபோவது உத்தமம்; இல்லையென்றால் பெயிண்டைச் சுரண்டிய பாடி போல்ட்டில் இறுக்கலாம்.

ஒயரை ஹாண்டில் பாரோடு கட்டும் முன் ஹாண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாமல், கேபிளில் சிக்காமல் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் அருகே விடக் கூடாது.

எல்லாம் மாட்டியபின் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, பாட்டரி முனைகளில் மல்டி மீட்டரை வைத்து, ஹாண்டிலில் உள்ள மீட்டரோடு ஒப்பிட வேண்டும். நீண்ட ஒயரும் சுவிட்சும் தாண்டி வருவதால் ஹாண்டில் மீட்டர் 0.2 அல்லது 0.3 குறைத்துக் காட்டலாம். அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு வோல்ட் வரை குறைந்தால் சாவி சுவிட்சிலோ சாக்கெட்டிலோ பாசி பிடித்திருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டும்.

கூடுதல் விளக்கு போட்டவர்களுக்கு

இரவில் வயலுக்குப் போக வேண்டியிருப்பதால் பலர் ஹாண்டிலில் இரண்டு எல்.இ.டி. விளக்கு சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்று 20 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காயில் அதை ஈடுகட்டிவிடும். வரப்புப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது ஈடுகட்டாது. குறை பாட்டரியிலிருந்து போகும். அப்போது மீட்டர் 12.7, 12.5 என்று இறங்குவதைக் கண்ணால் காணலாம். உடனே ஒரு விளக்கை அணைத்துவிடலாம். மடை பார்க்க வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கால் மணி நேரம் வேலை செய்யும் பழக்கம் இருந்தால், எண் 12.2-ஐத் தொடும் முன் எஞ்சினை ஓடவிட வேண்டும்.

போச்சம்பள்ளி சிப்காட்டில் 2021-ல் திறக்கப்பட்ட ஓலா தொழிற்சாலையிலிருந்து வந்தவை போன்ற மின்சார ஸ்கூட்டர்களும் இப்போது கிராமத்துக்குள் வந்துவிட்டன. அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை வண்டியின் திரையே காட்டுகிறது. உள்ளே இருப்பது ஈயப் பாட்டரி அல்ல, லித்தியம் பாட்டரி. அதைத் திறந்து மீட்டர் மாட்ட முயலக் கூடாது.

நாற்று நடவிலோ மழையிலோ வண்டி ஒரு வாரம் நின்றிருந்தால், எடுக்கும் முன் சாவியைப் போட்டு எண்ணைப் பார்த்துவிட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் செல்பை அழுத்தி அழுத்திப் பாட்டரியை வதைக்காமல், உதைக் கட்டை உள்ள வண்டியானால் உதைத்து எடுத்து, ஒரு மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். உதைக் கட்டை இல்லாதவர்கள் பாட்டரியைக் கழற்றி சார்ஜ் கடையில் கொடுக்கும்போது, குறைந்த ஆம்பியரில் மெதுவாக ஏற்றச் சொல்ல வேண்டும். 4 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். லாரி பாட்டரியோடு சேர்த்து வேகமாக ஏற்றினால் அன்று மாலை வண்டி ஓடும், அடுத்த மாதம் பாட்டரி உப்பும்.